கிளஸ்டரில் ஐந்து நாளாகக் காத்திருக்கும் ஜாப்: பொறுப்பதா, சொந்தமாக சர்வர் வாங்குவதா?

மாதுளை:
வணக்கம். மார்பகப் புற்றுநோய்க் கட்டிகளிலிருந்து எடுத்த 60 ஆர்என்ஏ சாம்பிள்களின் டேட்டா என்னிடம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 3 கோடி ஜோடி ரீட்கள் (ஆர்என்ஏவைப் படித்துக் கிடைத்த சின்ன வரிசைத் துண்டுகள்). லேப் கணினியில் 32 ஜிபி ராம்தான். இந்த ரீட்கள் ஜீனோமில் எங்கே பொருந்துகின்றன என்று கண்டுபிடிக்கும் ஸ்டார் மென்பொருள், மனித ஜீனோமை ஏற்றும்போதே நின்றுவிடுகிறது. அதனால் பல்கலைக்கழகத்தின் பொது கிளஸ்டரில் (பலரும் பகிரும் கணினித் தொகுப்பு) 48 கோர், 180 ஜிபி, 7 நாள் என்று கேட்டு ஒரே ஜாபாகப் போட்டேன். உள்ளே ஒரு லூப், சாம்பிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். திங்கட்கிழமை போட்டது, இன்று வெள்ளி, இன்னும் பெண்டிங். காரணம் 'ரிசோர்சஸ்' என்று மட்டும் காட்டுகிறது. கைடு, "6 லட்சம் இருக்கிறது, நாமே சர்வர் வாங்கிவிடலாமா?" என்கிறார். அடுத்த மாதம் டாக்டரல் கமிட்டி. என்ன செய்யலாம்?

கணிப்பொறி_குமரன்:
வாங்கிவிடுங்கள். யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

இரவுவரிசை:
அவசரப்பட்டு வாங்க வேண்டாம். இதில் நானும் மாட்டியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீங்கள் கேட்டிருப்பது கிட்டத்தட்ட ஒரு முழு நோட், அதாவது கிளஸ்டரில் உள்ள ஒரு முழுக் கணினி. டவுன் பஸ்ஸில் ஓர் ஆள் எப்படியாவது ஏறிக்கொள்ளலாம். கல்யாண கோஷ்டி மொத்தமாக ஏற வேண்டுமென்றால் காலி பஸ்தான் வர வேண்டும். ஜாப்களின் வரிசையை நிர்வகிக்கும் ஸ்லர்ம் மென்பொருள், பெரிய ஜாப் ஒன்றுக்காக நோட்டை ஒதுக்கி வைத்திருக்கும் இடைவெளியில், அதற்குள் முடிந்துவிடக்கூடிய சின்ன ஜாப்களை நுழைத்துவிடும். பேக்ஃபில் என்பது அதுதான். 7 நாள் என்று எழுதிய ஜாப் அந்த இடைவெளியில் நுழையவே முடியாது. 2 மணி நேரம் என்று எழுதியது நுழைந்துவிடும்.

அதைவிட, 48 கோர் உங்களுக்குத் தேவையே இல்லை. மனித ஜீனோமுக்கு ஸ்டார் 30 ஜிபி சொச்சம் ராம் எடுக்கும். உங்கள் லேப் கணினி திணறுவது அதனால்தான். கோர் 8 போதும். சுருக்கி வைத்த ஜிஜிப் ஃபைலை விரிப்பது ஒற்றைக் கோரில் நடக்கிற வேலை, மீதிக் கோர்கள் பெரும்பாலும் அதற்காகக் காத்து நிற்கும். இன்னொன்று: வரிசைப்படுத்திய பாம் ஃபைல் (பொருத்திய ரீட்கள் இருக்கும் ஃபைல்) கேட்டால் ஸ்டார் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (இணையாக ஓடும் ஒவ்வொரு பகுதிக்கும்) 50 தற்காலிக ஃபைல்களைத் திறக்கும். 48 த்ரெட் என்றால் 2400. பல லினக்ஸ் கணினிகளில் வழக்கமான எல்லை 1024. என் முனைவர் பட்டத்தின் கடைசி வருஷம், மூன்று நாள் காத்திருந்து கிடைத்த நோட்டில், ஜாப் இந்த எர்ரரில் ஆறே நிமிடத்தில் விழுந்தது. கேன்டீன் மூடும்வரை அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போதைய ஜாபை கேன்சல் செய்துவிட்டு, சாம்பிளுக்கு ஒன்றாகத் தனித்தனியே ஓடும் அர்ரே ஜாபாகப் போடுங்கள். சாம்பிளுக்கு 8 கோர், 40 ஜிபி, 2 மணி நேரம். ஒரே சமயத்தில் 10 மட்டும் ஓடட்டும். பக்கத்து லேபில் புரத மடிப்பைப் பார்க்கிறவருக்கும் இதே கிளஸ்டர்தான். முதலில் ஒரே ஒரு சாம்பிளை ஓட்டி, உண்மையில் எவ்வளவு ராம் எடுத்தது என்று பாருங்கள். அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கேட்டால் போதும்.

சர்வர் வாங்கினால் ஏசி, யூபிஎஸ், பழுது பார்க்க ஆள் எல்லாம் உங்கள் தலையில். அலைன்மென்ட் (ரீட்களைப் பொருத்தும் வேலை) முடிந்ததும் அது பல மாதம் சும்மா இருக்கும். பணத்தில் ஒரு பகுதியை மூல டேட்டாவை இரண்டு இடத்தில் வைக்கும் டிஸ்க்குகளுக்குச் செலவிடச் சொல்லுங்கள். அந்தக் கட்டிகளை மறுபடி எடுக்க முடியாது.

பொன்னி:
இதைவிடப் பெரிய வேலை வந்தால் திருச்சி என்ஐடியில் 2022 மே மாதம் தொடங்கிவைத்த 'பரம் பொருள்' சூப்பர்கணினி இருக்கிறது, வேகம் 838 டெராஃப்ளாப்ஸ். வெளியார் பயன்படுத்தும் விதிகளைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் இது நோயாளிகளின் டேட்டா. வளாகத்துக்கு வெளியே அனுப்பும் முன் எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதியில் அதற்கு இடமிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மாதுளை:
சனி இரவு 9.40-க்கு ஒரு சாம்பிள் போட்டேன், 10.05-க்கே ஓடத் தொடங்கியது! 22 நிமிடம், உச்சமாக 33 ஜிபி. அப்புறம் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தூங்கினேன். ஞாயிறு மதியம் 60-ம் முடிந்திருந்தன. ரொம்ப நன்றி. 37-ஆவதில் மட்டும் 41 சதவீத ரீட்கள்தான் ஜீனோமில் மேப் ஆகியிருக்கின்றன (பொருந்தியிருக்கின்றன). மறுபடி ஓட்டவா?

இரவுவரிசை:
மிக்க மகிழ்ச்சி! மறுபடி ஓட்டினாலும் அதே எண்தான் வரும். மேப் ஆகாத ரீட்களில் ஒரு நூறை எடுத்து, வரிசைகளை ஒப்பிட்டுத் தேடும் பிளாஸ்டில் போடுங்கள். ரைபோசோம் ஆர்என்ஏவா, பாக்டீரியாவா என்று தெரிந்துவிடும். அப்புறம், பாம் ஃபைல்கள் கிளஸ்டரின் தற்காலிக சேமிப்பிடமான ஸ்க்ராட்சில்தானே இருக்கின்றன? எத்தனை நாளில் அழிப்பார்கள் என்று அட்மினிடம் கேளுங்கள். இன்றே நகலெடுத்து, செக்சம் (நகல் மாறாமல் வந்ததா என்று காட்டும் எண்) ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.