கல்லடி என்று அடித்தால் க்லலடி என்று விழுகிறது: அப்பாவின் புதுக் கீபோர்ட்டுக்கு உதவி தேவை

கல்லடி மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 74 வயது. முப்பது வருசத்துக்கு மேல் கச்சேரியில் (மாவட்ட அரச அலுவலகத்தில்) தமிழ்த் தட்டச்சாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கிய 1978 நவம்பர் 23 இரவில் கண்டதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று கனகாலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பேனை பிடித்தால் விரல் நடுங்குகிறது, தட்டும்போது நடுங்குவதில்லை. ஆனால் என் லப்டொப்பில் நாலு வரி தட்டிவிட்டு, "எழுத்து விழுந்ததா இல்லையா என்று கைக்குத் தெரியுதில்லை பிள்ளை" என்று எழுந்து போய்விட்டார்.

அதனால் ஒன்லைனில் தேடி, பழைய டைப்ரைட்டர் மாதிரி வட்டப் பட்டனும் வெள்ளி விளிம்பும் டிக் டிக் சத்தமும் உள்ள மெக்கானிக்கல் கீபோர்ட் ஒன்று வாங்கினேன். பட்டனுக்கு அடியில் டிக் என்று தட்டும் நீலச் சுவிட்ச். பெட்டியைத் திறந்ததும் அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வந்து இரண்டரை மாதம் ஆகிறது. இப்போது இரண்டு பிரச்சினை.

'த' சில நேரம் இரண்டு தரம் விழுகிறது. "தண்ணீர்" என்று அடித்தால் "ததண்ணீர்". முதல் மாதம் இப்படி இல்லை. அடுத்தது, ஆரம்பத்திலிருந்தே புள்ளி இடம் மாறுகிறது. எங்கள் ஊர்ப் பெயர் "கல்லடி" என்று அடித்தால் "க்லலடி" என்று வருகிறது. லப்டொப்பில் தமிழ் அடிக்க என்எச்எம் ரைட்டர் என்ற மென்பொருளைப் போட்டு, அதில் பாமினி என்ற விசை அமைப்பைத் தெரிவு செய்து வைத்திருக்கிறேன். டைப்ரைட்டரும் பாமினியும் ஒன்றுதான் என்று சொன்னார்கள்.

விற்றவருக்கு மூன்று தரம் எழுதினேன், பதில் இல்லை. இதைத் திருத்தலாமா? புதிதாக வாங்குவதென்றால் எதை வாங்க? அப்பா இதோடு மனம் விட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

கல்முனை ரிப்பேர் கடை:

தங்கச்சி, இரண்டையும் ஒரே வருத்தம் என்று நினைக்காதீங்க. தனித்தனியாகப் பார்ப்போம்.

பாமினியில் 'த' இருப்பது ஆங்கில ஜே பட்டனில். தமிழை நிறுத்திவிட்டு வெறும் ஆங்கிலத்தில் அந்தப் பட்டனை ஆறுதலாக ஐம்பது தரம் தட்டி, எத்தனை எழுத்து விழுந்தது என்று எண்ணுங்க. அப்புறம் "கல்லடி" என்பதை நீங்க ஒருக்கா அடியுங்க, அப்பா ஒருக்கா அடிக்கட்டும். பக்கத்தில் இருந்து அவருடைய விரலைப் பாருங்க.

கல்லடி மகள்:

செய்தேன் அண்ணா. ஐம்பது தட்டுக்கு 57 எழுத்து. மற்றப் பட்டன் எல்லாம் சரி.

புள்ளி விசயம்தான் விளங்கவில்லை. நான் அடித்தால் கல்லடி, அப்பா அடித்தால் க்லலடி. அதே கீபோர்ட், அதே பட்டன்.

கல்முனை ரிப்பேர் கடை:

சரி, 'த' சுவிட்சின் கோளாறு. உள்ளே இரண்டு சின்னத் தகடு தொட்டுத்தான் எழுத்து விழும். தகட்டில் தூசியோ உப்புக் காற்றின் கறையோ ஏறினால், ஒரு தட்டிலேயே தொட்டு, விட்டு, திரும்பத் தொடும். கொம்பியூட்டர் அதை இரண்டு தட்டு என்று எடுத்துக்கொள்ளும். கடற்கரைப் பக்கம் யன்னல் திறந்து கிடக்கும் வீடுகளில் இருந்து இந்த வேலை எனக்கு அடிக்கடி வரும்.

உங்களுடையது சுவிட்சைக் கழற்றி மாட்டக்கூடிய ஹொட்சுவப் வகையா? பெட்டிக்குள் சின்ன இடுக்கி ஒன்று வந்திருந்தால் பெரும்பாலும் ஆம். அப்படியென்றால் முதலில் வயரைக் கழற்றுங்க. ஜே சுவிட்சையும் ஸ்க்ரோல் லொக் சுவிட்சையும் நேராக மேலே இழுத்து எடுத்து, ஒன்றின் இடத்தில் மற்றதை வையுங்க. அடியில் இரண்டு செப்புக் கால் இருக்கும், அவை குழிக்கு நேரே நிற்கிறதா என்று பார்த்த பிறகு அமத்துங்க. வளைந்த காலோடு அமத்தினால் கால் மடிந்துவிடும், அந்தப் பட்டன் வேலையே செய்யாது. மாற்றின பிறகும் 'த' இரட்டித்தால் பிழை உள்ளே இருக்கும் சர்க்கிட் போர்டில், என்னிடம் கொண்டு வாங்க. 'த' சரியாகிவிட்டால் பிழை அந்தச் சுவிட்சில். அது ஸ்க்ரோல் லொக்கில் கிடக்கட்டும், யாரும் தொடப்போவதில்லை.

புள்ளிக்கு எனக்கு மறுமொழி தெரியாது. டைப்பிங் படிப்பித்தவர் யாரும் இருந்தால் சொல்லுங்க.

அக்கரைப்பற்று ரீச்சர்:

மகள், நான் தமிழ்த் தட்டச்சு படிப்பித்தவள். உங்கள் அப்பா பிழையாக அடிக்கவில்லை. அவர் சரியாக அடிப்பதால்தான் இப்படி வருகிறது.

டைப்ரைட்டரில் 'ல்' எப்படி அடிப்போம் தெரியுமா? முதலில் புள்ளி, பிறகு 'ல'. புள்ளிப் பட்டனைத் தட்டினால் தாளில் புள்ளி விழும், ஆனால் உருளை நகராது. அதே இடத்தில் 'ல' வந்து அந்தப் புள்ளிக்குக் கீழே உட்காரும். இதற்கு நகரா விசை என்று பெயர். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சு இயந்திரம் அமைத்தபோது இந்த வழியைக் கையாண்டார். இத்தனை எழுத்தை அவ்வளவு குறைந்த பட்டனுக்குள் கொண்டுவர இது பெரிய உதவி.

பாமினி பெரும்பாலும் அதே இடங்களில்தான் எழுத்துகளை வைத்திருக்கிறது. இடக்கை விரலுக்கு யளனக, வலது சின்ன விரலுக்குப் புள்ளி. அதனால் ஒன்றுதான் என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் பாமினியில் எழுத்து முதலில், புள்ளி பிறகு. அப்பாவின் விரல் க, புள்ளி, ல, ல, டி என்று போகிறது. கொம்பியூட்டர் அந்தப் புள்ளியைப் பின்னால் வரும் 'ல'வுக்குக் கொடுக்காமல், முன்னால் நிற்கும் 'க'வின் தலையில் வைக்கிறது. க்லலடி.

என்எச்எம் ரைட்டரில் பாமினியை விட்டுவிட்டு, பழைய தட்டச்சு என்று தனியாக இருப்பதைத் தெரிவு செய்யுங்கள். "முறையை மாற்றிப் பழகுங்கள்" என்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். முப்பது வருசம் அந்த விரல்கள் சேர்த்த சொத்து அது. மெசின்தான் அவருக்கு ஏற்றபடி மாற வேண்டும்.

காத்தான்குடி கீபோர்ட் பிரியன்:

ரீச்சர் சொன்னது எனக்கும் புதுசு. நன்றி. எதை வாங்குவது என்ற கேள்விக்கு நான் சொல்கிறேன் தங்கச்சி, இதில் நிறையக் காசு கொடுத்துப் படித்தவன் நான்.

டைப்ரைட்டர் ஆட்களுக்கு வட்டப் பட்டன் வாங்கிக் கொடுப்பது பார்க்க அழகு, ஆனால் வட்டத்துக்கும் வட்டத்துக்கும் நடுவில் பள்ளம் இருக்கிறது. உண்மையான டைப்ரைட்டரில் பட்டன்கள் படிப்படியாக உயர்ந்து நிற்பதால் விரல் தன் வரிசையை அறிந்துகொள்ளும். வட்டக் கீகேப் (பட்டனின் மேல்மூடி) உள்ள கீபோர்ட்டுகள் பலவற்றில் எல்லா வரிசையும் ஒரே மட்டம். அந்த வெள்ளி விளிம்பும் பிளாஸ்டிக் மேல் பூசிய பூச்சுத்தான், வியர்வையும் உப்பும் பட்டால் உரியும். நீலச் சுவிட்சின் தண்டு கூட்டல் குறி மாதிரி இருந்தால், வட்டத்தைக் கழற்றிவிட்டு, வரிசைக்கு வரிசை உயரம் மாறும் சாதாரணக் கீகேப் தொகுதியை அதே கீபோர்ட்டில் போடலாம். பிபிடி பிளாஸ்டிக் என்று கேட்டு வாங்குங்க. ஏபிஎஸ் என்ற மற்றப் பிளாஸ்டிக் சீக்கிரம் மினுங்கி வழுக்கும்.

புதிதாகத்தான் என்றால், எயிட்பிட்டூ நிறுவனம் 2023இல் ஒரு ரெட்ரோ கீபோர்ட் கொண்டுவந்தது, பழைய நின்டெண்டோ விளையாட்டுப் பெட்டியின் நிறத்தில். 87 பட்டன், சுவிட்ச் கழற்றி மாட்டலாம், கீகேப் பிபிடி. அதற்குப் பிறகு ஐபிஎம் நிறுவனத்தின் பழைய மொடல் எம் கீபோர்ட்டின் சாயலில் ஒரு சாம்பல் நிறப் பதிப்பும் வந்தது. அப்பாவுக்கு அந்தச் சாம்பல் நிறம் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அதில் கைல் நிறுவனத்தின் பொக்ஸ் வைட் சுவிட்ச் வருகிறது. தகடுகள் தொடும் இடத்தை ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைத்திருப்பார்கள், தூசிக்கும் தண்ணீருக்கும் ஐபி56 தரம் என்று நிறுவனம் சொல்கிறது. நம்முடைய கரைக்கு அதுதான் தோது. சத்தமும் நீலச் சுவிட்சை விடக் கூர்மை.

ஒன்று விளங்கிக்கொள்ளுங்க, அது மொடல் எம்மின் சாயல் மட்டும்தான். 1985இல் வந்த மொடல் எம் உள்ளே சுருள்கம்பி மடிந்து தட்டும் வகை, நிறை இரண்டு கிலோவுக்கு மேல். அதே வகையை அமெரிக்காவின் கென்டக்கியில் யுனிகொம்ப் இன்னும் செய்கிறது. டைப்ரைட்டர் கைக்கு மிக நெருங்கியது அது என்பேன், ஆனால் அந்த நிறைக்குத் தபால் செலவும் சுங்கமும் சேர்ந்தால் தாங்காது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்போதைக்குப் புதிது வாங்க மாட்டேன். பெட்டிக்குள் அடைத்த டிக் சுவிட்ச் பத்தும், உயரம் மாறும் கீகேப் தொகுதி ஒன்றும் கொழும்பிலிருந்து எடுப்பேன். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கேட்டுப் பாருங்க, இரவு பஸ்ஸில் பார்சல் போட்டால் விடிய மட்டக்களப்பில் நிற்கும்.

கல்லடி மகள்:

இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

சுவிட்சை மாற்றிப் போட்டேன். 'த' சரி. ஐம்பது தட்டுக்கு ஐம்பது எழுத்து. பிழை சுவிட்சில்தான் அண்ணா.

பழைய தட்டச்சைப் போட்டுவிட்டு, அப்பாவுக்கு ஒன்றும் சொல்லாமல் அடிக்கச் சொன்னேன். "கல்லடி". பிறகு "மட்டக்களப்பு". திரையைப் பார்க்காமல் முன்சுவரைப் பார்த்துக்கொண்டே அடித்தார். இரண்டும் பிழையில்லாமல் விழுந்தன. ரீச்சர் எழுதியதை வாசித்துக் காட்டினேன். "சொத்து" என்ற இடத்தில் திரும்ப ஒருக்கா வாசிக்கச் சொன்னார். இதுவரைக்கும் ஆறு பக்கம் முடிந்திருக்கிறது. காற்று ஓலையைப் பிய்க்கத் தொடங்கிய இடத்தில் நிற்கிறார்.

காத்தான்குடி நானா (அண்ணன்) சொன்ன கீகேப் போட்டாயிற்று, வரிசை மாறாமல் விரல் நிற்கிறதாம். சுவிட்சும் வந்துவிட்டது. ஆனால் அதன் அடியில் ஐந்து கால் இருக்கிறது, நம்முடைய கீபோர்ட்டில் மூன்று துளைதான். உள்ளே போகவில்லை. திருப்பி அனுப்பவா?

காத்தான்குடி கீபோர்ட் பிரியன்:

அனுப்ப வேண்டாம். ஐந்தில் இரண்டு செம்பு, நடுவில் தடித்த பிளாஸ்டிக் ஒன்று, அதன் இருபக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் கால் இரண்டு. அந்த மெல்லிய இரண்டை மட்டும் நகவெட்டியால் அடியோடு வெட்டிவிட்டுப் போடுங்க. செம்பைத் தொட்டுவிடாதீங்க. முதலில் ஒன்றை வெட்டிப் போட்டுப் பார்த்த பிறகு மற்றதை வெட்டுங்க.

கல்லடி மகள்:

வெட்டிப் போட்டேன் நானா. இருந்துவிட்டது.