அம்மாவின் மறதிக்கு மெய்நிகர் பயிற்சி உதவுமா?

வாசல்திண்ணை (கேள்வி):
என் அம்மாவுக்கு வயது 72. தெரிந்தவர்களின் பெயர்கள் சட்டென நினைவுக்கு வருவதில்லை. பழகிய கடைத்தெருவிலிருந்து திரும்பும்போதுகூட எந்தப் பக்கம் போவது என்று சில சமயம் திகைத்து நின்றுவிடுகிறார். பரிசோதித்த நரம்பியல் மருத்துவர், இது இன்னும் மறதிநோய் ஆகவில்லை, லேசான அறிவாற்றல் குறைபாடு என்ற நிலையில்தான் இருக்கிறது என்றார். இந்நிலையில் ஒரு தனியார் மையம், கண்களை மூடி அணியும் திரைக்கருவியான ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கணினி காட்டும் மெய்நிகர் உலகில் நடமாடும் பயிற்சியால் மூன்றே மாதத்தில் நினைவாற்றலை மீட்டுத் தருவதாக உறுதி சொல்லிப் பெருந்தொகை கேட்கிறது. அம்மாவுக்குக் கழுத்துவலியும் தலைச்சுற்றலும் உண்டு. பணத்தைக் கட்டலாமா?

வடக்குமாடம்:
வழி தெரியாமல் திகைப்பதைத் தயவுசெய்து மருத்துவரிடம் தனியாகக் குறிப்பிடுங்கள். நாம் எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் திரும்பினோம் என்று கணக்கு வைக்கும் மூளைச் செல்களைக் கண்டறிந்ததற்காகத்தான் ஜான் ஓ'கீஃப், மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ஆகிய மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. அவற்றுள் மோசர் தம்பதியர் ஆராய்ந்த செல்கள் இருக்கும் எண்டோரைனல் புறணி என்ற மூளைப்பகுதி, மறதிநோயின் முக்கிய வகையான அல்சைமர் நோய் முதன்முதலில் தாக்கும் பகுதிகளுள் ஒன்று. இதை வைத்துக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை உருவாக்கி, 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஹெட்செட் அணிந்தவர் மெய்நிகர் வெளியில் ஒரு கூம்பிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து மூன்றாவதற்கு என நடந்து சென்றபின், முதல் கூம்பு இருந்த இடத்துக்கு நினைவை மட்டும் நம்பித் திரும்ப வேண்டும். உங்கள் அம்மாவைப் போன்ற லேசான குறைபாடு உள்ள 45 பேர் பங்கேற்றதில், தண்டுவட நீரில் அல்சைமரின் அடையாளங்கள் இருந்தவர்கள், அவை இல்லாதவர்களைவிடத் தெளிவாகத் தடுமாறினார்கள்.

ஆக, நோயை முன்கூட்டியே இனங்காண்பதில் இக்கருவிக்கு உண்மையான எதிர்காலம் இருக்கிறது. பயிற்சி என்பது வேறு விஷயம். மெய்நிகர் தெருக்களில் வேலைகளை முடித்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் விளையாட்டு ஒன்றைச் சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முதியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் நினைவாற்றல் கூடியது. ஆனால் அவர்கள் நோயில்லாத முதியவர்கள். அங்கிருந்து "நினைவாற்றலை மீட்டுத் தருவோம்" என்ற உறுதிமொழிக்குத் தாவுவது எனக்கு ஏற்புடையதல்ல.

பவளமல்லி:
முதியோருக்குத் தொழில்வழிச் சிகிச்சை, அதாவது அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ள உதவும் பயிற்சி, அளிப்பவள் நான். கருவியை நான் வெறுக்கவில்லை. கடற்கரைக் காட்சியைப் பார்த்த ஒரு பாட்டி, அலை வருகிறதென்று புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதன்பின் வெகுநேரம் தன் இளமைக்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அந்தப் பேச்சும் மலர்ச்சியும் எனக்குப் பெரிதாகவே படுகின்றன. என்றாலும் உங்கள் அம்மாவின் தலைச்சுற்றலுக்குக் காரணம் தெரியும்வரை வேண்டாம். உடல் அசையாதிருக்கக் கண்முன் உலகம் நகர்ந்தால் குமட்டல் வருவது இயல்பு. அரைக்கிலோ எடை முகத்தின் முன்பக்கம் தொங்குவது கழுத்துவலிக்கும் ஆகாது. பின்னாளில் முயன்றாலும், கைப்பிடி உள்ள, சக்கரமில்லாத நாற்காலியில் உட்காரவைத்து, நகராத காட்சிகளைச் சில நிமிடம் மட்டும் காட்டுங்கள். கழற்றியவுடன் எழுந்திருக்க விடாதீர்கள், விழுந்துவிடுவார்கள்.

கல்தூண்:
அந்தத் தொகையை வேறு வகையில் செலவிடலாம் என்பது என் கருத்து. அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்கிறதா? கேட்கவில்லையென்றால் முதலில் காதொலிக் கருவி வாங்குங்கள். மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் மறதிநோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் 2024இல் மதிப்பிட்டது. காது கேளாமை, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், தனிமை எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளன. பின்லாந்தில் 1260 முதியவர்களிடம் இரண்டாண்டுகள் நடந்த ஆய்விலும் உணவு, உடற்பயிற்சி, மூளைப்பயிற்சி, ரத்த அழுத்தக் கண்காணிப்பு ஆகிய அனைத்தும் சேர்ந்துதான் பலன் தந்தன. பி12, தைராய்டு பரிசோதனைகள் ஆகிவிட்டனவா?

வாசல்திண்ணை:
பி12 பார்த்தாயிற்று, தைராய்டு பார்க்கவில்லை. தொலைக்காட்சியின் ஒலியை அம்மா மிகவும் கூட்டி வைப்பதை வயதின் இயல்பு என்றே எண்ணியிருந்தோம். பணம் கட்டுவதை நிறுத்திவிட்டேன். முதலில் காது மருத்துவரைப் பார்க்கிறோம், தலைச்சுற்றலையும் அவரிடமே சொல்கிறேன்.