‘சர்வதேச நியாயாதிக்கம்’ சரியா? மாற்றுச் சொல் வேண்டும்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு, வணக்கம்.

சித்திரவதையிலிருந்து தப்பி வந்தவர்களுக்கான சட்டக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். ‘யூனிவர்சல் ஜூரிஸ்டிக்‌ஷன்’ என்ற இடத்தில் வேலை நின்றுவிட்டது. இலங்கைத் தமிழில் ‘சர்வதேச நியாயாதிக்கம்’, ‘உலகளாவிய நியாயாதிக்கம்’ இரண்டும் புழங்குகின்றன. தமிழ்நாட்டில் ‘உலகளாவிய அதிகார வரம்பு’ என்று எழுதுகிறார்கள். எதை எடுத்துக்கொள்ளட்டும்?

*

வணக்கம் அம்மா.

மூன்றையும் விட்டுவிடலாம் என்பேன். அதிகக் கெடுதல் செய்வது ‘சர்வதேச’. அதைப் படித்ததும் ஹேக் நகரமும் அங்குள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றமும்தான் நினைவுக்கு வரும். விஷயம் அதற்கு நேர் எதிரானது. குற்றம் தன் மண்ணில் நடக்கவில்லை, செய்தவர் தன் குடிமகன் இல்லை, பாதிக்கப்பட்டவரும் தன் குடிமகன் இல்லை. அப்படியிருந்தும் குற்றத்தின் கொடுமை ஒன்றையே காரணமாகக் கொண்டு ஒரு நாடு தன் சொந்த நீதிமன்றத்தில் விசாரிப்பதுதான் இது. கடற்கொள்ளையரை எந்த நாடும் பிடித்துத் தண்டிக்கலாம் என்ற பழைய வழக்கத்திலிருந்து வளர்ந்த கருத்து.

சிரியாவைப் பாருங்கள். அது, ஹேக் நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சாசனத்தில் சேராத நாடு. ஐ.நா. பாதுகாப்பு அவை வழியாக ஹேக் நீதிமன்றத்துக்கு அனுப்ப 2014 மே மாதம் கொண்டுவந்த தீர்மானத்தை ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ செய்தன. அந்த வாசல் அடைபட்டது. திறந்த வாசல் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில், ஒரு மாநில உயர் நீதிமன்றத்தில். டமாஸ்கஸில் உளவுத்துறையின் 251ஆம் பிரிவில், அல்-கதீப் என்று மக்கள் அஞ்சிய சிறையில், விசாரணைத் தலைவராக இருந்தவர் அன்வர் ரஸ்லான். 2014இல் அவரே ஜெர்மனியில் தஞ்சம் புகுந்திருந்தார். 2006இல் டமாஸ்கஸில் கைதாகிச் சிறையில் கிடந்த மனித உரிமை வழக்கறிஞர் அன்வர் அல்-புன்னி, அதே 2014இல் பெர்லின் அகதிகள் விடுதியில் அவரை எதிரே கண்டார். எங்கோ பார்த்த முகம் என்று மட்டும் பட்டது. யார் என்பது பிறகுதான் விளங்கியது. வழக்கு 2020 ஏப்ரல் 23 அன்று தொடங்கியது. 2022 ஜனவரி 13 அன்று, 27 கொலைகள் உள்ளிட்ட மானுடத்துக்கு எதிரான குற்றங்களுக்காக ரஸ்லானுக்கு ஆயுள் தண்டனை.

அந்த வழக்கில் மொழி பட்ட பாடு நம் குழுவுக்கு முக்கியம். விசாரணை ஜெர்மன் மொழியில் நடந்தது. அரபு மொழிபெயர்ப்பு வழக்கின் தரப்பினருடைய காதுக்கு மட்டும் போனது. பார்வையாளர் வரிசையில் இருந்த சிரியர்கள், தங்கள் ஊரில் தங்கள் ஆட்களுக்கு நடந்ததைப் பற்றிய வழக்கை ஒரு சொல் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கீகாரம் பெற்ற அரபு மொழிச் செய்தியாளர்களும் மொழிபெயர்ப்பைக் கேட்க வழி செய்ய வேண்டும் என்று 2020 ஆகஸ்டில் ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. உங்கள் கையேட்டைப் படிப்பவருக்கு அந்த நிலை வரக்கூடாது. ‘சர்வதேச’ என்று எழுதினால் அவர் ஹேக்குக்கு மனு அனுப்பிவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பார்; தான் குடியிருக்கும் நாட்டின் போலீசிடமே புகார் கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. 2022 ஜூலையில் கோத்தாபய ராஜபக்ச சிங்கப்பூரில் இருந்தபோது அவர்மீது குற்றப் புகார் கொடுக்கப்பட்டதே, அது அந்நாட்டுத் தலைமை வழக்கறிஞரிடம்தான் போனது.

‘அதிகார வரம்பு’ உள்நாட்டு நீதிமன்றங்களுக்குப் பொருந்தும். இங்கே இட வரம்பு இல்லை என்பதே கருத்தின் உயிர். உலகளாவிய என்று நீட்டிவிட்டு வரம்பு என்று முடித்தால் படிப்பவர் குழம்புவார்.

என் முன்மொழிவு ‘உலகப்பொது’. குறளை உலகப் பொதுமறை என்கிறோம். 1948 மனித உரிமைப் பிரகடனத்தை உலகப் பொதுப் பிரகடனம் என்று எழுதும் பழக்கமும் உண்டு. நாடுகளுக்கு நடுவே என்பதல்ல, எல்லா நாட்டுக்கும் பொது என்ற பொருள் அதில் தானாகவே வருகிறது. பின்பாதிக்கு ஈழத்து ‘நியாயாதிக்கம்’ இருக்கட்டும். நியாயஸ்தலம், நியாயம் கேட்பது எல்லாம் இரு கரையிலும் தெரிந்த பேச்சுதானே.

*

அன்பின் ஐயா,

குழுவில் உள்ள ஈழத்தமிழன் நானும் ஒன்று சொல்கிறேன். ‘உலகப்பொது’ நன்று. ஆனால் சொல் எங்களுடையதாக இருந்தும், ‘நியாயாதிக்கம்’ பற்றி எனக்கு ஒரு தடை உண்டு. தமிழ்நாட்டு வாசகரின் காதில் ஆதிக்கம் என்றால் அடக்கி ஆளுதல். ஆதிக்க சாதி என்று நாள்தோறும் பேசுகிறீர்கள். இந்தக் கருத்தின்மேல் உலகில் உள்ள முதன்மையான குற்றச்சாட்டும் அதுவேதான். ஐரோப்பிய நீதிபதிகள் ஆப்பிரிக்கத் தலைவர்களை மட்டும் குறிவைக்கிறார்கள் என்று ஆப்பிரிக்க ஒன்றியம் 2008இல் கண்டித்தது. பெல்ஜியம் 1993இல் மிக விரிவான சட்டம் போட்டது; அமெரிக்கத் தலைவர்கள்மீதே புகார்கள் வந்ததும், வாஷிங்டனின் நெருக்குதலில் 2003இல் அதைச் சுருக்கிக்கொண்டது. வலியவனைத் தொடாத சட்டம் என்ற கசப்பு நியாயமானது. அந்தக் கசப்பைச் சொல்லுக்குள்ளேயே வைத்துக் கொடுப்பதா?

*

ஐயா, இந்தத் தடையை ஏற்கிறேன். குற்றச்சாட்டு உண்மையானது, அதைக் கட்டுரையில் விவாதிக்கலாம், சொல்லிலேயே தீர்ப்பு எழுதக்கூடாது. மறுபக்கமும் இருக்கிறது. சாட் நாட்டை 1982 முதல் 1990 வரை ஆண்ட இசேன் ஹப்ரேயை விசாரித்தது ஐரோப்பா அல்ல. ஆப்பிரிக்காவின் சார்பில் விசாரி என்று 2006இல் செனகலைக் கேட்டது ஆப்பிரிக்க ஒன்றியம்தான். செனகல் இழுத்தடித்தது. பெல்ஜியம் தொடுத்த வழக்கில், இனியும் தாமதிக்காமல் விசாரி அல்லது ஒப்படை என்று 2012இல் சர்வதேச நீதிமன்றம் (நாடுகளுக்கு இடையிலான வழக்குகளைத் தீர்க்கும் ஐ.நா. நீதிமன்றம்) தீர்ப்பளித்தது. 2016 மே 30 அன்று செனகல் தலைநகர் டாக்கரில் ஹப்ரேவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஹப்ரேயின் சிறையிலிருந்து உயிரோடு வந்தவர்களின் விடாப்பிடிதான் அத்தனைக்கும் காரணம். ஆகவே ஆதிக்கமும் வேண்டாம்.

‘விசாரணை அதிகாரம்’ போதுமா என்று யோசித்தேன். தமிழ்நாட்டில் விசாரணை என்றதும் காவல் நிலையம் கண்ணில் வருகிறது. நீதிமன்றத்தில் நாம் சொல்வது ‘வழக்கை ஏற்றுக்கொண்டது’, ‘ஏற்க மறுத்தது’. அதையே எடுத்து ‘உலகப்பொது வழக்கேற்பு அதிகாரம்’ என்று வைப்போம். இதில் கூடுதல் வசதி, சுருக்கம் எளிதாக வருகிறது: கோப்லென்ஸில் நடந்தது ஓர் உலகப்பொது வழக்கு.

இன்னொரு வேறுபாட்டையும் கையேட்டில் காட்டிவிடுங்கள் அம்மா. இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் செய்த குற்றத்தை இந்திய நீதிமன்றம் விசாரிப்பது உலகப்பொது வழக்கு ஆகாது. அங்கே குடியுரிமை என்ற பிடி இருக்கிறது. அதற்கு ‘நாடு கடந்த வழக்கேற்பு’ என்று தனிச்சொல் வைக்கலாம். ஆனால் 1960ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம், யார் எங்கே செய்த கடும் போர்க்குற்றமானாலும் இந்திய நீதிமன்றம் ஏற்கலாம் என்கிறது. அது உலகப்பொது அதிகாரமேதான். புகாரை அரசுதான் கொண்டுவர வேண்டும் என்று 17ஆம் பிரிவு கட்டிப்போட்டுவிட்டது. பாதிக்கப்பட்டவர் நேராகப் போய்க் கேட்க முடியாத அதிகாரம் யாருக்குப் பயன்படும்? இது எனக்கு ஆறாத கோபம்.

*

இருவருக்கும் நன்றி. ‘உலகப்பொது வழக்கேற்பு அதிகாரம்’, ‘உலகப்பொது வழக்கு’, ‘நாடு கடந்த வழக்கேற்பு’ மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். இலங்கை வாசகருக்காக முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘நியாயாதிக்கம்’ என்பதையும் பக்கத்தில் தருகிறேன்.

அடுத்த சிக்கல், சித்திரவதைக்கு எதிரான 1984 உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு. பிடிபட்டவரை வேறு நாட்டிடம் ஒப்படைக்காவிட்டால் தானே வழக்கு நடவடிக்கைக்கு உட்படுத்த வேண்டும் என்ற கடமை. ஐயா சொன்ன ‘விசாரி அல்லது ஒப்படை’யையே ‘ஒப்படை-விசாரி கடமை’ என்று எழுதலாமா? ‘ஒப்படை’ என்பதை ஏவலாகப் படிக்காமல் பெயர்ச்சொல்லாகப் படித்துவிடுவார்களோ என்று தயங்குகிறேன்.