சுடுநீர்த் தொட்டியின் வெப்பத்தை எத்தனை பாகைக்கு மேல் விடக்கூடாது?

மாங்குளத்தான் (கேள்வி):
வணக்கம் உறவுகளே. ஏ9 வீதியை அண்டியுள்ள எங்கள் சிறிய விருந்தினர் விடுதியின் பின்வளவில், ஏறத்தாழ 1200 லீற்றர் கொள்ளும் ஹொட் டப் ஒன்றைப் பூட்டியிருக்கிறோம். வெப்பத்தை 100 பாரன்ஹைட்டில் வைத்தாலும், சித்திரை வெயிலில் பின்னேரம் பார்க்கும்போது 105 என்று காட்டுகிறது. குறைக்கும் பொத்தானை எத்தனை தடவை அழுத்தினாலும் தண்ணீர் ஆறுவதாக இல்லை. மாறாக, மார்கழி வாடைக்குள் வந்து தங்கிய சிலர் 104க்கு மேல் கூட்டித் தரும்படி கேட்டார்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியோ அதற்கு மேல் போக மறுக்கிறது. அந்த எல்லையை எடுத்துவிட வழி உண்டா? கோடையில் எவ்வாறு தணிப்பது?

மின்வேலைக்காரன்:
எல்லையை எடுக்க வேண்டாம், தம்பி. 104 பாரன்ஹைட் என்பது சரியாக 40 பாகை செல்சியஸ். ஏறத்தாழ 110 பாரன்ஹைட் சூட்டில் இருந்தவர்கள் இறந்த சம்பவங்கள் அமெரிக்காவில் பதிவாகியுள்ளன. தண்ணீர் 104ஐத் தாண்டாதபடி கட்டுப்பாட்டுக் கருவிகள் அமைய வேண்டும் என்ற விதியை உருவாக்க, 1987இல் அங்குள்ள நுகர்வோர் பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு துணைநின்றது. வெப்பத்தை அளக்கும் உணரியை ஏமாற்றி வயரை மாற்றிக் கொடுக்க ஆள் கிடைக்கலாம். அந்த வேலையை நான் செய்யமாட்டேன்.

கோடையில் ஏறும் சூடு சூடேற்றியிலிருந்து வருவதன்று. வடிகட்டலுக்காகச் சுழலும் மோட்டரின் வெப்பம் தண்ணீரில் இறங்குகிறது. மேலே தடித்த மூடி கிடப்பதாலும், வெளிக்காற்றே 35 பாகையை எட்டி நிற்பதாலும், அது வெளியேற வழியில்லாமல் சேர்கிறது. பொத்தானைக் குறைத்தால் சூடேற்றி நிற்குமே தவிர, இந்த இயந்திரத்துக்குக் குளிரூட்டத் தெரியாது. ஆகவே வடிகட்டும் நேரத்தைச் சுருக்கி விடியற்காலைக்கு மாற்றுங்கள், தொட்டிக்கு மேல் கிடுகுப் பந்தல் ஒன்று போடுங்கள், இரவில் ஆள் காவலிருக்கும் நேரத்தில் மட்டும் மூடியைச் சற்றுத் திறந்து ஆவி போக விடுங்கள். அவசரமென்றால் ஐந்திலொரு பங்கை, அதாவது 240 லீற்றரை, இறைத்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீரை விடுங்கள். கிணற்று நீர் 28 பாகை செல்சியஸில் இருந்தால், உங்கள் 105 பாரன்ஹைட், அதாவது 40.6 பாகை, 38 அளவுக்கு இறங்கிவிடும்.

ஆனால் எங்கள் பகுதித் தண்ணீரின் குணம் உங்களுக்குத் தெரியும். கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படை சூடேற்றிக் கம்பியிலும் படியும். படை தடித்தால் கம்பி அளவுக்கு மீறிச் சூடாகிப் பாதுகாப்பு உணரி அடிக்கடி நிறுத்திவிடும். முழுத் தொட்டியையும் புதிதாக நிரப்பினால் 28இலிருந்து 38க்கு ஏற்ற ஏறத்தாழ 14 யூனிற் மின்சாரம் போகும். 3 கிலோவாற் சூடேற்றிக்கு அது ஐந்து மணித்தியால வேலை.

பெட்டி காட்டும் எண்ணையும் முழுமையாக நம்பாதீர்கள். சில தொட்டிகளில் உணரி குழாய்க்குள் இருப்பதால், மோட்டர் நின்றிருக்கும்போது அது காட்டுவது தொட்டியின் வெப்பமாக இராது. தண்ணீரைக் கலக்கிவிட்டு, தனியான வெப்பமானியால் அளந்து பாருங்கள்.

வவுனியாத் தாதி:
நாற்பது என்பது உச்ச எல்லை. எல்லோருக்கும் ஏற்ற அளவு என்று அதற்குப் பொருளில்லை. சுகதேகிகளும் அந்தச் சூட்டில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்காமல் எழுந்துவிடுவது நல்லது. கர்ப்பிணிகள், குறிப்பாக முதல் மூன்று மாதத்தில், இதைத் தவிர்க்க வேண்டும். தாயின் உடல்வெப்பம் 39 பாகையை அண்டும்போது சிசுவின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாவதில் பழுது நேரும் அபாயம் கூடுகிறது. பிரஷர் குளிசை எடுப்பவர்களும் இருதய நோயாளர்களும் வைத்தியரிடம் கேட்டபின் இறங்கட்டும். நீண்டகாலச் சலரோகத்தால் கால் விறைத்தவர்களுக்குச் சூடு தெரியாது. விடுமுறைக்கு வருபவர்கள் போத்தலோடு தொட்டிக்குள் இறங்குவதையும் நீங்கள்தான் தடுக்க வேண்டும். வெறியில் நித்திரையாகி மூழ்கியவர்கள் உண்டு.

குளக்கட்டு:
திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குழந்தை முதல் கிழவர் வரை குளிக்கிறோமே! அங்கே யார் பாகை பார்த்தார்கள்?

வவுனியாத் தாதி:
ஐயா, அங்கே வாளியால் அள்ளி வார்க்கிறோம். வார்த்த தண்ணீர் ஓடிவிடுகிறது, ஈர உடம்பில் காற்றுப் பட்டுச் சூடு தணிகிறது. கழுத்துவரை அமிழ்ந்திருப்பவருக்கோ வியர்வை ஆவியாக இடமில்லை. சுற்றியுள்ள நீர் உடம்பைவிடச் சூடாக இருக்கும்போது, உடல் தன் வெப்பத்தை வெளியே தள்ள முடியாமல் உள்ளே ஏற்றிக்கொள்கிறது.

மாங்குளத்தான்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் கோடை முழுவதும் சூடேற்றியையும் மோட்டரையும் நிறுத்தியே வைக்கலாமா?

மின்வேலைக்காரன்:
சூடேற்றியை நிறுத்தலாம், கோடையில் 35 அல்லது 36 பாகையே உடம்புக்கு இதமாக இருக்கும். மோட்டரை நிறுத்தக் கூடாது. லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகுவதற்கு வாய்ப்பான வெப்பம் 20க்கும் 45க்கும் இடையில்தான் இருக்கிறது. சூடான தண்ணீரில் கிருமி கொல்லும் குளோரினும் விரைவாகக் குறைந்து போகும். எனவே நாளாந்தம் சிறிது நேரமாவது சுழலவிட்டு, குளோரின் 3 பிபிஎம்முக்கு (பத்து இலட்சத்தில் மூன்று பங்கு) குறையாமலும், பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 7.8ஐத் தாண்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். கிணற்றுத் தண்ணீர் கலந்த நாளில், ஆட்களை இறக்குமுன் இரண்டையும் மறுபடி அளக்க வேண்டும்.