பார்பிசோன் காட்டுச் சுற்றுநடை: வழியில் யாரைச் சந்தித்தீர்கள்?

காட்டுவழி:

போன அக்டோபரில் ஒரு ஞாயிறு, நானும் மனைவியும் ஷையி-ஆன்-பியேர் தேவாலயத்தருகே காரை நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பித்தோம். பாரிஸுக்குத் தென்கிழக்கே 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஷையியிலிருந்து வயல்வழியாகப் பார்பிசோன், அங்கிருந்து ஃபொந்தேன்ப்ளோ காட்டுக்குள் பா-ப்ரேயோ, அப்ரமோன் பாறைகள், பிறகு வேறு வழியில் திரும்பவும் ஷையி. கைபேசி 15 கிலோமீட்டர் காட்டியது. சாப்பிட்டது, உட்கார்ந்தது எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம். இந்தப் பக்கம் நடந்தவர்கள் வழியில் சந்தித்த மனிதர்களைப் பற்றி எழுதுங்கள். முதலில் என் கதை.

இரண்டு ஊருக்கும் நடுவில் உழுத நிலம்தான், வேறொன்றும் இல்லை. ஆனால் ஓவியர் மிலே 1849இல் குடும்பத்தோடு பார்பிசோனுக்கு வந்து, 1875இல் இறக்கும்வரை இந்த நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உருளைக்கிழங்கு தோண்டுவதை நிறுத்திவிட்டு ஓர் ஆணும் பெண்ணும் தலைகுனிந்து நிற்பார்களே, அந்த ‘லாஞ்செலுஸ்’ படத்தில் தூரத்தில் தெரியும் கோபுரம் ஷையி தேவாலயத்துடையது என்பார்கள். ஓர்சே அருங்காட்சியகத்தில் அதன் முன்னால் பலமுறை நின்றிருக்கிறேன். படத்தில் மண் ஏன் அவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பது, ஈரமண் அப்பி என் காலணி இரண்டு மடங்கு கனத்தபோதுதான் புரிந்தது.

பார்பிசோன் பெரிய தெருவைச் சீக்கிரம் கடந்துவிட்டோம். ஓவியக் கடைகள், உணவகங்கள், ஞாயிற்றுக் கூட்டம். ஓவியர்கள் தங்கிய கான் விடுதி இப்போது அருங்காட்சியகம். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். தெரு முடிகிற இடத்திலேயே காடு தொடங்கிவிடுகிறது. உள்ளே நுழைந்து கொஞ்ச தூரத்தில், ஒரு பாறையில் ஓவியர்கள் மிலே, தியோதோர் ரூசோ இருவர் முகமும் பதித்த வெண்கலப் பதக்கம் இருக்கிறது. இந்தப் பக்கத்து முதிய ஓக் மரங்களை வெட்டாதீர்கள் என்று மூன்றாம் நெப்போலியனுக்கே மனு எழுதியவர் ரூசோ. 1861இல் 1,097 ஹெக்டேர் காடு, ஓவியர்களுக்காகவே, அழகுக்காகவே காக்கப்பட வேண்டியது என்று அரசாணை வந்தது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்கா அறிவிக்கப்பட்டது அதற்கு 11 ஆண்டுகளுக்குப் பிறகு.

அப்ரமோன் பாறைகளுக்குள் நாங்கள் நீலக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு போனோம். மரத்திலும் பாறையிலும் விரல் நீளத்துக்கு ஒரு நீலப் பட்டை. அதுதான் வழி. ஓரிடத்தில் மூன்று கிளையாகப் பிரிந்தது. மூன்றிலும் நீலம் இல்லை. இடப்பக்கம் போய்ப் பார்த்தோம், திரும்பினோம். நடுவில் போனோம், மறுபடி திரும்பினோம். மனைவி முகத்தில் மெல்லப் பயம் தெரிந்தது. அப்போதுதான் பாறைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். ஒரு கையில் சின்ன டப்பா, மறுகையில் தூரிகை, தோளில் கம்பித் தூரிகை வைத்த பை.

“நீலத்தைத் தேடுகிறீர்களா?” என்று கேட்டார். பிறகு கீழே கிடந்த ஒரு பெரிய பைன் மரத்தைக் காட்டினார். புயலில் சாய்ந்திருக்கிறது. குறி அதன் அடிப்பக்கத்தில் மாட்டிக்கொண்டது. புதுக் குறி போடத்தான் வந்திருந்தார். காட்டின் நண்பர்கள் என்று 1907இல் தொடங்கிய சங்கம் ஒன்று இங்கே உண்டு. அதில் இவர் தொண்டர்.

அவர் வேலை செய்யும் விதத்தைப் பார்க்க அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம். முதலில் பாறையின் பாசியைச் சுரண்டினார். உடனே வர்ணம் பூசவில்லை. இருபது அடி பின்னால் போய், எங்களைப் போலவே நடந்து வந்தார். நின்றார். தலையைத் திருப்பினார். “வழி தெரிந்தவன் கண்ணால் பார்த்தால் குறி போட வராது. தெரியாதவன் எங்கே தயங்குவான் என்று பார்க்க வேண்டும்” என்றார். தயங்குகிற இடத்தில் ஒன்று. திரும்பிய பிறகு, சரியாகத்தான் வந்தோமா என்ற சந்தேகம் வரும் தூரத்தில் இன்னொன்று. சுற்றுவழி என்பதால் எதிர்ப்பக்கமிருந்து வருபவருக்கும் தனியாக ஒன்று. அதற்கு மேல் போடக் கூடாதாம், காடு அசிங்கமாகிவிடும்.

இந்த நீலக்கோடுகளைத் தொடங்கியவர் தெனெகூர். 1788இல் பிறந்தவர், நெப்போலியன் படையில் காயம்பட்ட சிப்பாய். ஃபொந்தேன்ப்ளோவில் ஒரு படைவீட்டில் காவல் வேலை பார்த்து, அரசியல் கருத்துக்காக அதையும் இழந்தவர். மனம் ஒடிந்து காட்டுக்குள் திரிந்தவர், 1842 முதல் தன் கைக்காசைப் போட்டு, ஆள் வைத்துப் பாதை வெட்டினார். வழிகாட்டி நூல்கள் எழுதினார். 1849இல் பாரிஸிலிருந்து ரயில் வந்ததும் கூட்டமும் வந்தது. ஓவியர்களுக்கு அதில் வருத்தம் இருந்தது, நியாயமான வருத்தம்தான். ஆனாலும் நான் தெனெகூர் பக்கம். முன்பின் தெரியாத ஒருவன் என்றைக்கோ இங்கே வந்து திகைத்து நிற்பான் என்று யோசித்து ஒரு மனிதர் தன் சொத்தையே செலவழித்திருக்கிறார். அந்த யோசனை 180 வருடம் கழித்து எங்களுக்கு உதவியது.

கிளம்பும்போது அந்தப் பெரியவர் தூரிகையை என் மனைவியிடம் நீட்டினார். எதிர்ப்பக்கத்துக் குறியை அவள்தான் போட்டாள்.

நிலாமுற்றம்:

அண்ணா, படித்ததும் ஷையி கல்லறைத்தோட்டம் ஞாபகம் வந்துவிட்டது. மிலேயும் ரூசோவும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள், பக்கத்து பக்கத்தில்.

ஆனால் நான் அதைப் பார்க்கப் போகவில்லை. தண்ணீர் தீர்ந்துவிட்டது. பிரெஞ்சுக் கிராமங்களில் நடப்பவர்களுக்குத் தெரியும்: கடை பூட்டியிருக்கும், தேவாலயம் பூட்டியிருக்கும், ஆனால் கல்லறைத்தோட்டத்தில் ஒரு குழாய் இருக்கும். பூச்செடிகளுக்கு ஊற்ற வைத்தது. (குடிக்கக் கூடாது என்று பலகை இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.)

அக்டோபர் கடைசி வாரம். உள்ளே போனால் எங்கு பார்த்தாலும் சாமந்தி! மஞ்சள், வெள்ளை, கருஞ்சிவப்பு. நவம்பர் 1 எல்லாப் புனிதர் திருநாளுக்கு முன்னால் வீட்டுக்கு வீடு தொட்டி வாங்கிவந்து கல்லறையில் வைப்பார்கள். எனக்கோ சாமந்தி என்றால் ஆயுதபூஜை, வாசல் மாலை. நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பாட்டி கணவர் கல்லறையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். வாளி தூக்கச் சிரமப்பட்டதால் நான்கு நடை தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். எங்கள் ஊரில் இந்தப் பூவைக் கல்யாணத்துக்கே கட்டுவோம் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்.

அவர் வேலையை நிறுத்திவிட்டார். “கல்யாணத்துக்கா?” என்று இரண்டு தடவை கேட்டார். ஒரு பூவைக் கிள்ளி, மூக்கருகே வைத்து, புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு சொன்னார்: இங்கே யார் வீட்டுக்கும் விருந்துக்குப் போகும்போது இதை மட்டும் கொண்டுபோகாதே அம்மா, சாவுப்பூவாக எடுத்துக்கொள்வார்கள். வந்த முதல் வருடம் நான் அதைத்தான் செய்திருந்தேன். அந்த வீட்டம்மா ஒரு வார்த்தை சொல்லாமல், சிரித்த முகத்தோடு வாங்கி மேஜையில் வைத்தார். ஐந்து வருடம் கழித்து, அந்தக் கல்லறைத்தோட்டத்தில் நின்றுகொண்டு, அந்த அம்மாவின் பெருந்தன்மை எனக்கு விளங்கியது. வீட்டுக்கு வந்ததும் அவருக்குக் கடிதம் எழுதினேன்.

வடமராட்சி:

நாங்கள் நான்கு பேர் போனோம். எனக்கு நடந்தது கால் சுளுக்கு. அப்ரமோனில் பாறைக்கு மேலே ஈர இலை, இலைக்குக் கீழே பாசி. வைத்த கால் வழுக்கி, கணுக்கால் திரும்பிவிட்டது. அங்கே பாறைகள் எல்லாம் மணற்கல். சுமார் 3 கோடி வருடங்களுக்கு முன் இருந்த கடலின் மணல் இறுகி வந்தவை. காய்ந்தால் நல்ல பிடி, நனைந்தால் சவர்க்காரம்.

பக்கத்தில் பாறை ஏறுகிற பெடியன்கள் மூன்று பேரும் ஒரு பிள்ளையும் நின்றார்கள். விழுந்தால் தாங்குவதற்குப் பெரிய மடிப்பு மெத்தைகளை முதுகில் சுமந்து வருவார்களே, அந்தக் கூட்டம். ஒரு மெத்தையை விரித்து என்னைக் கிடத்தி, விரலில் சுற்றும் பட்டியால் கணுக்காலை இறுக்கிக் கட்டிவிட்டார்கள். நான் 112க்கு அடிக்க வேண்டுமோ என்று யோசித்தபோது அந்தப் பிள்ளை முதலில் செய்த வேலை, சுற்றியிருந்த மரங்களில் எண்பலகை தேடியதுதான். அரசுக் காடுகளில் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண் உண்டு; சின்னத் தகட்டில் எழுதி மரத்தில் அடித்திருப்பார்கள். அந்த எண்ணைச் சொன்னால் மீட்புக்காரர் நேரே வந்துவிடுவார்கள் என்று கதைத்துக்கொண்டே காட்டினாள். நல்லவேளை, அழைக்கத் தேவைப்படவில்லை. இரண்டு பேர் தோளில் கைபோட்டு வாகனத் தரிப்பிடம்வரை கொண்டுவந்து விட்டார்கள். தங்கள் மதிய ஏற்றத்தையே விட்டுவிட்டு.

வீட்டில் கால் நீட்டிக் கிடந்த இரண்டு கிழமையில் ஒன்று வாசித்தேன். 1865இல் ஓவியர் மோனேயும் ஷையியில் காலில் அடிபட்டு விடுதிக் கட்டிலில் கிடந்திருக்கிறார். அவரைப் பார்த்துக்கொண்டது நண்பர் பசீய், மருத்துவம் படித்த ஓவியர். கட்டிலுக்கு மேலே பாத்திரம் தொங்கவிட்டு, காயத்தில் தண்ணீர் சொட்டும்படி ஏற்பாடு செய்து, அதையே படமாகவும் வரைந்தார். அதுவும் இப்போது ஓர்சேயில் இருக்கிறது. கால் சரியானதும் முதல் வேலையாகப் போய்ப் பார்த்தேன். மோனேயின் முகத்தில் இருக்கும் அந்தச் சலிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த சலிப்பு.

புதுவைக்காற்று:

எனக்கு மனிதரும் மானும் சேர்ந்த ஒரு மாலை. செப்டம்பர் கடைசி. காளான் கூடையோடு ஒரு தாத்தா எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். கூடையில் செப், ஜிரோல் இரண்டும் இருந்தன. வீட்டுக்கு மட்டும், ஆளுக்கு ஐந்து லிட்டருக்கு மேல் எடுக்கக் கூடாது என்று விதி சொன்னார். நாற்பது வருடமாகப் பறிப்பவர், இன்னும் சந்தேகம் வந்தால் ஊர் மருந்துக்கடையில் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் சமைப்பாராம். மரணத் தொப்பிக் காளானை ஒருமுறை எங்களுக்குக் காட்டினார்: இளம்பச்சைத் தலை, அடியில் பை போன்ற உறை. தொட விடவில்லை.

திடீரென்று கையைத் தூக்கி எங்களை நிறுத்தினார். தூரத்தில் ஓர் உறுமல். மாடு கத்துவதுபோல் தொடங்கி இருமலில் முடிந்தது. என் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கலைமான், இது இணை தேடும் காலம் என்று காதோடு சொன்னார். அந்த நேரத்தில் நெருங்கிப் போனால் அதற்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து. அசையாமல் கால் மணி நேரம் நின்றோம். இன்னொரு பக்கத்திலிருந்து பதில் வந்தது. பார்க்கவே இல்லை, கேட்டதோடு சரி. காடு முழுக்க இருட்டிக்கொண்டு வந்தபோது தாத்தா தன் கைவிளக்கைப் பையனிடம் கொடுத்து, “நீ முன்னால் போ, நாங்கள் வருகிறோம்” என்றார். ஏழு வயது. பார்பிசோன் தெருவிளக்கு தெரியும்வரை அவன்தான் எங்களைக் கூட்டிவந்தான்.

காட்டுவழி:

வடமராட்சி, அந்த எண்பலகை விஷயம் எனக்குத் தெரியாது. இனி கிளை பிரியும் இடங்களில் எல்லாம் பார்த்து வைப்பேன். நிலாமுற்றம், கடிதத்துக்குப் பதில் வந்ததா என்று எழுதம்மா.

எப்போது போகலாம் என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுவார்கள், அதற்குப் பிறகு மாலை ஐந்தரைக்கே சூரியன் போய்விடும். காலை ஒன்பதுக்குள் ஷையியிலிருந்து கிளம்புங்கள். வேட்டை நடக்கிறது என்ற பலகையைப் பார்த்தால் விவாதம் வேண்டாம், அந்தப் பக்கம் போகாமல் வேறு வழி எடுங்கள். பாறைப் பகுதிக்குள் மூன்று கிளை பிரியும் இடத்தில் சாய்ந்த பைன் இன்னும் கிடக்கிறது. எதிர்ப்பக்கமிருந்து வந்தால், இடப்பக்கப் பாறையில் சற்றே கோணலாக ஒரு நீலக்கோடு தெரியும். அங்கே வலது பக்கம் திரும்புங்கள்.