தினமும் இரவு அணைக்கிறேன், நாள் கணக்கில் ஓடுவதாகக் கணினி சொல்கிறது

நகல்கடைக்காரன்:
நீதிமன்றத்துக்கு அருகில் தட்டச்சு, நகல் கடை வைத்திருக்கிறேன். கணினியில் விண்டோஸ் 10. முன்பெல்லாம் ஷட்டரைத் தூக்கியதும் அதைப் போட்டுவிட்டு, வாசல் தெளித்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, டீயும் குடித்து வந்தால்கூடத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். வக்கீல் குமாஸ்தாக்கள் மேசையில் விரலால் தாளம் போடுவார்கள். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்பகத்தைப் போட்ட பிறகு, செருப்பைக் கழற்றுவதற்குள் திரை வந்துவிடுகிறது. டீ ஆறிப்போவதுதான் மிச்சம்.

ஒரு சந்தேகம். கணினியில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில், சிபியு பக்கத்தில் 'அப் டைம்' என்று ஓர் எண் இருக்கிறது. இரவு தவறாமல் ஷட்டவுன் செய்துவிட்டுத்தான் பூட்டுகிறேன். அதுவோ பல நாட்களாக ஓய்வே இல்லாமல் ஓடுவதாகக் காட்டுகிறது. அப்படியானால் இரவில் கணினி அணைகிறதா, இல்லையா? மின்சாரம் போனால் ஏதாவது கெட்டுவிடுமா?

பழுதுபார்க்கும் தம்பி:
அண்ணா, அணைகிறது, பயப்படாதீர்கள். ஆனால் முழுதாகக் கடையைக் கட்டுவதில்லை. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் நீங்கள் திறந்து வைத்திருந்தவை எல்லாம் மூடப்படும். விண்டோஸின் உட்கருவும் (அடிப்படை நிரல்) டிரைவர்களும் (பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் நிரல்கள்) இருந்த நிலை மட்டும் அப்படியே ஒரு கோப்பில் எழுதப்படும். காலையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்காமல், அந்தக் கோப்பைப் படித்து விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. அதனால்தான் அந்த எண் ஏறிக்கொண்டே போகிறது.

கோப்பு டிஸ்க்கில் இருப்பதால், அணைத்த பிறகு மின்சாரம் போனாலும் கவலை இல்லை. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் எல்லாம் புதிதாகத் தொடங்கும். பிரிண்டர் திடீரென்று முரண்டு பிடித்தால் ஷட்டவுன் செய்து திரும்பப் போடுவது பல நேரம் பலிக்காது, ரீஸ்டார்ட் பலிக்கும். ரேம் மாற்றுவதற்கு முன் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள், முழுதாக அணையும். மின்கம்பியையும் பிடுங்கிவிடுங்கள்.

உங்கள் வேகத்துக்குப் பெரும்பங்கு எஸ்.எஸ்.டி.க்குத்தான். ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழலவேண்டும், ஊசி இடம் தேடி நகரவேண்டும். தொடக்கத்தில் படிக்கவேண்டியவை ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள். நேரமெல்லாம் அந்தத் தேடலிலேயே போய்விடும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
திரை சீக்கிரம் வருகிறது, சரி. எங்கள் வீட்டில் அதற்குப் பிறகுதான் காத்திருப்பே. அரட்டைச் செயலி, வைரஸ் தடுப்பு, கேட்காமலே வந்து ஒட்டிக்கொண்ட இன்னும் இரண்டு மூன்று என எல்லாம் முண்டியடித்துத் திறக்கும். மின் கட்டணப் பக்கம் வருவதற்குள் எதற்காக உட்கார்ந்தேன் என்பதே மறந்துவிடும். டாஸ்க் மேனேஜரிலேயே 'ஸ்டார்ட்அப்' பட்டியலில் வேண்டாதவற்றை நிறுத்தலாம் என்று பேரன் காட்டிக்கொடுத்தான். வைரஸ் தடுப்பைத் தவிர மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டேன். செலவே இல்லாத வைத்தியம்.

இரண்டு சிஸ்டம்:
ஒரே கணினியில் விண்டோஸோடு லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளமும் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி தொல்லைதான். விண்டோஸ் அரைகுறையாக மூடிவிட்டுப் போன டிஸ்க் பிரிவில் லினக்ஸ் எழுத மறுக்கும், படிக்க மட்டும் விடும். நான் கண்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' போய் அதை அணைத்துவிட்டேன். எஸ்.எஸ்.டி. இருக்கும்போது இழப்பு சில நொடிகள்தான். அந்த நொடிகளை வைத்து யார் என்ன கோட்டை கட்டிவிடப்போகிறோம்?

நகல்கடைக்காரன்:
தம்பி, ரீஸ்டார்ட் செய்தேன், எண் பூஜ்யத்திலிருந்து ஓடுகிறது. நன்றி.

நொடிகளைக் கேலி செய்யும் நண்பருக்கு: முன்பு மதியம் சாப்பிடப் போகும்போது கணினியை அணைக்கவே மாட்டேன். மறுபடி திறக்கும் பாட்டை நினைத்து அது பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவிடுவேன். இப்போது அணைத்துவிட்டுத்தான் போகிறேன். இடையில் மின்சாரம் போனாலும், வந்த உடனே விட்ட மனுவைத் தொடர முடிகிறது. பத்தரைக்குள் தாக்கல் செய்யவேண்டிய குமாஸ்தா அடுத்த கடைக்கு ஓடுவதில்லை. எனக்கு அதுதான் வரும்படி. வசதியை அணைக்கப்போவதில்லை. சனிக்கிழமை பூட்டுமுன் ஒரு ரீஸ்டார்ட் கொடுத்துவிடுகிறேன். ஆசிரியை அம்மா சொன்ன பட்டியலையும் பார்த்தேன், பிரிண்டர் நிறுவனத்தின் விளம்பரச் செயலியே இரண்டு உட்கார்ந்திருக்கிறது. அவற்றை நிறுத்தினால் அச்சிடுவது பாதிக்குமா, தம்பி?

பழுதுபார்க்கும் தம்பி:
பெரும்பாலும் பாதிக்காது அண்ணா, அச்சிடும் வேலையை டிரைவர் பார்த்துக்கொள்ளும். ஒன்றை நிறுத்தி, ஒரு தாள் அச்சிட்டுப் பார்த்துவிட்டு மற்றதில் கை வையுங்கள். ஸ்கேன் பொத்தான் வேலை செய்யவில்லை என்றால் மட்டும் திரும்பப் போட்டுவிடுங்கள்.