வளர்ச்சிக் காரணிக்குப் பாஸ்பேட்டில் என்ன வேலை?

கேள்வி (கீழக்கரை ஆசிரியை):
எஃப்.ஜி.எஃப். என்னும் வளர்ச்சிக் காரணிப் புரதங்களால் கருவில் கை, கால், நுரையீரல் உருவாவதைப் பன்னிரண்டாம் வகுப்பில் விளக்கியபோது, சிறுநீரக நோயாளியான தன் பாட்டிக்கு மருத்துவர் கருவாட்டைத் தடுத்ததற்கும் எஃப்.ஜி.எஃப். 23க்கும் தொடர்புண்டா என்று ஒரு மாணவி கேட்டாள். வளர்ச்சிக் காரணி பாஸ்பேட்டில் ஏன் தலையிடுகிறது? நோன்பில் எஃப்.ஜி.எஃப். 21 கூடும் என்பதும் உண்மையா?

பதில் (மண்டபம்):
பெயர்தான் குழப்புகிறது, டீச்சர். முதலில் கண்டவை நார்ச்செல்களைப் பெருகச் செய்ததால் 1970களில் அப்பெயர் வந்தது. பின்னர் வந்தவை செய்யும் வேலையைப் பாராமல், அமைப்பின் ஒற்றுமையால் அதே வரிசையில் எண் பெற்றன. மனிதரிடம் 22 உள்ளன. பெரும்பாலானவை செல்களைச் சுற்றியுள்ள ஹெப்பாரன் சல்பேட் என்னும் சர்க்கரைச் சங்கிலிகளில் ஒட்டிக்கொள்வதால் சுரந்த இடத்தைத் தாண்டுவதில்லை. கருவுக்குத் தேவையானதும் அதுவே. கோழிக்கருவின் விலாவில் எஃப்.ஜி.எஃப். ஊறிய சிறு மணியை வைத்தால் அவ்விடத்திலேயே கூடுதலாக ஒரு சிறகோ காலோ முளைப்பதை 1995இல் காட்டினார்கள். 19, 21, 23 ஆகிய மூன்றும் அச்சங்கிலிகளில் சரியாக ஒட்டாமல் இரத்தத்தில் கலந்து, குளோத்தோ என்னும் துணைப் புரதம் உள்ள செல்களைத் தேடிச் சென்று ஹார்மோன்போல் வேலை செய்கின்றன.

பதில் (இராமநாதபுரம்):
எஃப்.ஜி.எஃப். 23ஐச் சுரப்பது எலும்பு. அதற்குச் செவிசாய்ப்பது சிறுநீரகம். பாஸ்பேட்டைச் சிறுநீரில் வெளியேற்ற வைப்பதோடு, வைட்டமின் டி செயல்வடிவம் பெறுவதையும் அது குறைக்கிறது. சிறுநீரகம் தளரும்போது, இரத்தத்தில் பாஸ்பேட் ஏறுவதற்கு முன்பே இப்புரதம் ஏறத் தொடங்கிவிடுகிறது. பாட்டியின் கருவாட்டுத் தடைக்கு முதல் காரணம் உப்பாகவே இருக்கும். ஆயினும் முள்ளோடு தின்னும் நெத்திலியில் பாஸ்பேட்டும் மிகுதி என்பதால் மாணவியின் ஐயம் வீணன்று.

பதில் (தொண்டி):
நோன்புச் செய்தி சுண்டெலியிடமிருந்து வந்தது. அதன் ஈரல் ஒரு நாள் பட்டினிக்கே எஃப்.ஜி.எஃப். 21ஐ மிகுதியாகச் சுரக்கும். மனிதரிலோ ஏறத்தாழ ஒரு வாரத் தொடர் பட்டினிக்குப் பிறகே அது குறிப்பிடத்தக்க அளவில் கூடுகிறது. அந்தியில் கஞ்சியோடு திறக்கும் நோன்பை அதனுடன் முடிச்சுப் போட வேண்டாம். சொல்லப்போனால், திறந்தபின் குடிக்கும் சர்பத்தின் சர்க்கரைதான் அதைச் சில மணி நேரத்தில் உயர்த்தக்கூடும்.

ஆசிரியை:
சர்பத்தை நாளையே வகுப்பில் சொல்கிறேன். 19ஐ எவரும் தொடவில்லையே?

பதில் (மண்டபம்):
பித்த அமிலம் வந்து சேர்ந்ததை உணரும் சிறுகுடலின் கடைப்பகுதி அதைச் சுரந்து, புதிய பித்த அமில உற்பத்தியைக் குறைக்குமாறு ஈரலுக்கு உணர்த்துகிறது. சுண்டெலியில் இதற்கு இணையானது 15 என்னும் எண் பெற்றிருப்பதை மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.